வீக்க மாத்திரை

எனக்கு வாய் அதிகம், காது கம்மி. வீட்டில் எல்லோரும் சொல்வதுதான். அது என் அக்காவின் உயிர்வரை போகும் என்று யாரும் சொல்லவில்லை.

அக்காவுக்கு மூளையில் கட்டி. அறுவை செய்தும் திரும்ப வந்துவிட்டது. பினாங்கில் ஒரு மருத்துவமனையில் புதுச் சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ரத்தத்திலிருந்தே எதிர்ப்பு அணுக்களை எடுத்து, கட்டியை அடையாளம் காணப் பழக்கி, தொடையில் ஊசியாகத் திரும்பப் போடுவார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்தக் கணுவுக்கு அவை போய்ச் சேர வேண்டும். பெரும்பாலானவை ஊசி போட்ட இடத்திலேயே செத்துப்போகுமாம். அதனால் முதல் நாளே அங்கே டெட்டனஸ் ஊசி போட்டு வீங்க விடுவார்கள். வீங்கினால்தான் வழி திறக்கும்.

இதையெல்லாம் மிஸ்ஸி, அங்கிருந்த தமிழ் நர்ஸ், தமிழிலேயே விளக்கினாள். கட்டி வந்ததிலிருந்து அக்காவுக்குக் கேட்டதில் பாதி மனதில் நிற்காது என்றுதான் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். நானோ கூலிமில் நான் வேலை செய்யும் பேக்டரியின் சூப்பர்வைசரிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்டு மெசேஜ் தட்டிக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் நன்றாக ஆட்டினேன்.

அன்றே டெட்டனஸ் ஊசியைப் போட்டு அனுப்பினார்கள். சாயங்காலம் அக்காவின் தொடை சிவந்து கொழுக்கட்டையாக வீங்கியது. நாள் முழுக்க நின்று வேலை செய்யும் எங்கள் பேக்டரி லைன் பெண்கள் எல்லோருடைய கைப்பையிலும் வீக்க மாத்திரை இருக்கும். கால் வீங்கினால் கிளினிக்கில் கொடுப்பார்கள், மிச்சம் பிடித்து வைப்போம். இரண்டு கொடுத்தேன், ஐஸும் வைத்தேன். காலையில் இன்னும் இரண்டு.

மருத்துவமனையில் மிஸ்ஸி தொடையைத் தடவிப் பார்த்தாள். "என்னக்கா, வீங்கவே இல்ல? நேத்து சொன்னேன்ல, வீங்குனாதான் செல்லுங்க போய்ச் சேரும்னு?"

அப்போதுதான் அது என் காதில் விழுந்தது. வாயைத் திறக்கவில்லை. தயாராக இருந்த அணுக்களை அன்றே போட்டுவிட்டார்கள்.

அடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது. இடையில் வேறு மருந்து ஏதும் சாப்பிட்டாரா என்று டாக்டர் மலாயில் கேட்டார். இல்லை என்றேன். வீக்க ஊசியாலும் பலன் இல்லை என்று எழுதிக்கொண்டார். இனி வரப்போகும் நோயாளிகளுக்கும் சேர்த்துப் பொய் சொல்லிவிட்டேன். மாத்திரை கொடுக்காவிட்டால் மட்டும் பலித்திருக்குமா? தெரியாது. எந்த டாக்டராலும் இனிச் சொல்லவும் முடியாது. பாவி நான்.

வெளியே வந்து காருக்குக் காத்திருந்தோம். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாத்திர விசயம் நான் யார்கிட்டயும் சொல்லல லா. நீயும் சொல்லிறாத, திட்டுவாங்க."