தண்ணீர்த் தாங்கியில் கட்டிய வெளிச்சம்

தை மாதத்தில் எங்கள் ஊர் மேடையில் பாடுவதற்குக் குரல் மட்டும் போதாது. வாயை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்போக நெல் முற்றி நிற்கும் காலம் அது. மேடை போடுவது விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தில். மைதானத்துக்கு மூன்று பக்கமும் வயல். பொழுதுபட்ட பிறகு ஒரு ரியூப் லைற்றைப் போட்டால் போதும், அறக்கொட்டியான் என்று நாங்கள் சொல்லும் கபில நிறப் பூச்சி பயிரின் அடியிலிருந்து கிளம்பிக் கூட்டம் கூட்டமாக வரும். மேடையில் அதிக வெளிச்சம் விழும் இடம் பாடுகிறவரின் முகம். பூச்சிக்கு அது தெரியும்.

நான் மேடையேறிய வருடத்துக்கு முந்திய வருடப் பொங்கல் விழாவில், பளையிலிருந்து வந்த இசைக்குழுவின் பாடகி ஒரு பாட்டின் உச்சத்தில் வாயைத் திறந்தார். இரண்டு மூன்று உள்ளே போய்விட்டன. அவர் இருமினார், கண்ணைத் துடைத்தார், மறுபடி தொடங்கி மறுபடியும் இருமினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வருடம் விழாவுக்கு அழைத்தபோது, அந்த ஊருக்கு மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பூச்சிகளின் தயவில்தான் எங்கள் சின்னம்மாவுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை. கோயிலில் தேவாரம், குசினியில் சினிமாப் பாட்டு, வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாய்க்குள் ஏதோ ஒன்று என்று நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருப்பார். அந்தப் பளை இசைக்குழுவை நடத்தியவர் கீபோட் வாசிப்பவர். பெரியவர்கள்கூட அவரைக் கீபோட் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்து, சின்னம்மா பாடுவதைக் கண்ணை மூடிக் கேட்டார். விழாவின் முதற்பாட்டைப் பாடட்டும், நன்றாக வந்தால் குழுவிலேயே சேர்த்துக்கொள்கிறேன் என்றார். இருமினால் இல்லை என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பின்பாட்டுக்கு ஒரு சின்னக் குரல் வேண்டுமாம். அது நான். எனக்கு ஒன்பது வயது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. சின்னம்மா இஞ்சியும் தேனும் குடித்தார். நானும் குடித்தேன். அம்மா என் பாவாடையை இரண்டு முறை தைத்து இரண்டு முறை பிரித்தார். ஆனால் எல்லோரையும்விட அதிகமாகப் பரபரத்தவர் மாமா.

மாமா அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் தம்பி. பதினொரு வருடம் கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலின் மண்டபத்தில் வெளிச்சம் போடும் வேலை செய்துவிட்டு, அந்த வருடம்தான் திரும்பி வந்திருந்தார். ஊரில் தன் தொழிலுக்கு ஒரு வேலையும் இல்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு, அக்கா பாடப்போகிறார் என்ற செய்தி காதில் விழுந்ததும் கால் தரையில் நிற்கவில்லை. கழகத்துக் கூட்டத்துக்குப் போய், இந்த முறை வெளிச்சம் என் பொறுப்பு என்றார். நானும் கூடப் போயிருந்தேன், பாடகி என்ற தகுதியில்.

எங்கள் ஊரில் மேடைக்கு வெளிச்சம் போடுவது என்றால், விளிம்பு நெடுக ரியூப் லைற்றுகளை நிறுத்திக் கட்டி, மேலே மின்னி மின்னி ஓடும் கலர் பல்புகளைத் தொங்கவிடுவது. மாமா அதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். காலடியில் வெளிச்சம் வைத்தால் ஆள் பேய் மாதிரித் தெரியும் என்றார். மின்னுகிற பல்பு கோயில் தேருக்கு நல்லது, பாட்டுக்கு இல்லை. சிவப்புக் கடதாசி சுற்றிய லைற்றை எங்கள் நிறத்தின்மேல் போட்டால் ஆளே காணாமல் போய்விடும். மஞ்சள்தான் தோலுக்கு உயிர் கொடுக்கும். லைற் வயரையும் மைக் வயரையும் சேர்த்துக் கட்டினால் ஸ்பீக்கர் உறுமும். சின்ன மேடைக்கு இருபது லைற் தேவையில்லை, மூன்று போதும், ஆனால் மூன்றும் சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

"முகம்தான் முதல். முகம் தெரியாட்டில் பாட்டும் கேக்காது" என்றார்.

கழகத்தின் செயலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கட்டாரில் அறக்கொட்டியான் இருக்கோ என்று கேட்டார். அங்கே பூச்சிக்கும் விசா வேண்டும் என்றார் மாமா. கூட்டம் சிரித்தது. ஆனால் கேள்வி நியாயமானது. முகத்துக்கு வெளிச்சம் வேண்டும், முகத்துக்குப் பூச்சி வரக்கூடாது. இரண்டும் எப்படி நடக்கும்?

மாமா அதற்கு வயலிலிருந்தே ஒரு வழியை எடுத்தார். பூச்சி கூடினால் எங்கள் கமக்காரர்கள் வயல் நடுவில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, கீழே சவர்க்காரத் தண்ணீர் நிரப்பிய தாச்சியை வைப்பார்கள். வெளிச்சத்துக்கு வரும் பூச்சி தண்ணீரில் விழுந்து சாகும். அதைப்போல ஒரு விளக்கை, மைதானத்தின் மூலையில் இருக்கிற பொதுநோக்கு மண்டபத்துக்குப் பின்னால், சனத்தின் கண்ணில் படாத இடத்தில், பொழுதுபட்டதும் எரியவிடுவது. மேடையையும் மைதானத்தையும் பாட்டுத் தொடங்கும் வரை இருட்டாக வைத்திருப்பது. பிறகு முதன்மை வெளிச்சத்தை முகத்துக்குக் கிட்ட வைக்காமல் உயரத்தில் வைப்பது. மைதானத்தின் ஓரத்தில் நான்கு கொங்கிறீற் கால்களில் நிற்கிற தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் ஒரு பெரிய வெள்ளை லைற்றைக் கட்டி, மேடையையும் முன்வரிசைகளையும் பார்க்கும்படி கீழே திருப்பிவிட்டால், மிச்சப் பூச்சி அங்கேயே மேலே சுற்றிக்கொண்டு கிடக்கும். பாடுகிறவர் நிம்மதியாக வாயைத் திறக்கலாம். மேலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் கண்ணுக்குக் கீழே குழி விழும் என்பதால், இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் இரண்டு மஞ்சள் லைற், அவையும் முதல் அடி பாடி முடிந்த பிறகுதான்.

செயலாளருக்கே இது பிடித்துவிட்டது.

மாமா வவுனியாவுக்குப் போய் லைற்றுகளை வாடகைக்கு எடுத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். ஓமந்தையில் ஏறிய ஒருவர் பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னபோது மறுத்து, கிளிநொச்சி வரை மடியிலேயே வைத்திருந்ததாகப் பெருமையோடு சொன்னார். விழாவன்று பகலில் தாங்கியில் ஏறி லைற்றைக் கட்டினார். மேடையில் என்னை நிறுத்தி, வலது பக்கம் ஒரு அடி, பின்னுக்கு அரை அடி என்று மேலிருந்தே கத்தினார். வெயிலில் லைற்றைப் போட்டுப் பார்த்ததால் அது எரிகிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் ஓம் மாமா, நல்லாத் தெரியுது மாமா என்று கத்தினேன்.

பொழுதுபட்டது. சனம் வந்து நிறைந்தது. மைதானத்தில் ஒரு விளக்கும் இல்லை. பிளாஸ்ரிக் கதிரைகளில் முன்னால் கமக்கார அமைப்பின் பெரியவர்கள், பின்னால் பெண்கள், மடிகளில் பிள்ளைகள். ஏன் இருட்டு என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். கறண்ட் காசு மிச்சம் பிடிக்கினம் என்று இன்னொரு குரல். கட்டார்க்காரன் ஏதோ வித்தை காட்டப்போகிறானாம் என்று மூன்றாவது. மேடையில் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். பின்னால் கீபோட் அண்ணை மெதுவாகத் தொண்டையைச் செருமினார். மண்டபத்தின் பின்பக்கத்தில் பொறி விளக்கு வேலை செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். என் முகத்தில் ஒரு பூச்சிகூட இல்லை.

ஜெனரேற்றர் உறுமியது. மாமா சுவிட்சைப் போட்டார்.

நான் அதற்கு முன்னரும் பின்னரும் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், மேலிருந்து, வெள்ளை வெளேரென்று, மைதானத்தின்மேல் இறங்கியது. காற்றுக்குத் தாங்கியின் மேல் லைற் இலேசாக ஆடியதால் எல்லோருடைய நிழலும் நிலத்தில் ஆடியது. நான் கைதட்டலை எதிர்பார்த்தேன்.

கைதட்டல் வரவில்லை. சபை கீழே இறங்கியது. முன்வரிசைப் பெரியவர்கள் கதிரைகளிலிருந்து வழுக்கி நிலத்துக்குப் போனார்கள். ஒருவர் குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடினார். பெண்கள் மடியிலிருந்த பிள்ளைகளைக் கதிரைகளுக்குக் கீழே தள்ளி அவர்கள்மேல் கவிழ்ந்தார்கள். ஒரு கதிரை சரிந்தது. வேறு சத்தமே இல்லை. பிள்ளைகள்கூட அழவில்லை. என் மாமாவின் வெளிச்சத்துக்கு ஊரே நிலத்தில் விழுந்து மரியாதை செய்கிறது என்று நான் நினைத்தேன். உடம்பெல்லாம் புல்லரித்தது.

அப்போது சின்னம்மாவின் கை என் பிடரியில் விழுந்து கீழே அழுத்தியது. பாடத் தொடங்குமுன் சபைக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று ஒத்திகையில் பழக்கியிருந்தார்கள். நான் மறந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தேன். அவர் நினைவூட்டுகிறார் என்று புரிந்துகொண்டேன். கை கூப்பி, இடுப்பு மடிய, நெற்றி முழங்காலைத் தொடுமளவுக்குக் குனிந்தேன். அவரும் என்மேல் குனிந்தார்.

போரின் கடைசி மாதங்களில் வன்னியில் இரவு வெளிச்சம் மேலிருந்துதான் வந்தது. சின்னப் பரசூட்டில் தொங்கிக்கொண்டு, வெள்ளையாக, ஆடி ஆடி இறங்கும். பரா லைற் என்பார்கள். அதன் கீழே எது அசைந்தாலும் தெரியும். அசைவு தெரிந்த இடத்துக்கு ஷெல் வரும். அது எரிந்து முடியும் வரை நிலத்தோடு நிலமாகக் கிடக்க வேண்டும், பிள்ளைகளின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு. மைதானத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் அப்படிக் கிடந்தவர்கள். மாமா அந்த வருடங்களில் கட்டாரில் இருந்தார். எனக்கு அப்போது மூன்று வயது. ஒன்றும் நினைவில் இல்லை. இவையெல்லாம் வளர்ந்த பிறகு நான் கேட்டுச் சேர்த்தவை. அன்று மேடையில் நின்ற பிள்ளைக்கு அது வணக்கம், அவ்வளவுதான்.

முதலில் நிமிர்ந்தவர் சின்னம்மா. ஒலிவாங்கியைப் பிடித்து, சோறு போடவா என்று கேட்கிற குரலில் சொன்னார்:

"தம்பி, மேல இருக்கிறதை நூத்துவிடு."

இருட்டு வந்தது. அந்த இருட்டில் சின்னம்மா பாடத் தொடங்கினார். இசை இல்லை. கீபோட் அண்ணையின் கை எங்கே இருந்ததோ தெரியாது. அறுவடைப் பாட்டு அது, துள்ளலாகப் பாட வேண்டியது. அவர் அதைத் தாலாட்டுப்போல மெதுவாக எடுத்தார். முதல் அடி முடிந்து இரண்டாவது அடியில் கீபோட் வந்து சேர்ந்தது, பிறகு தபேலா. "மஞ்சளைப் போடு, மெல்லமா" என்றார் இரண்டு வரிகளுக்கு இடையில். பக்கத்து லைற்றுகள் ஆளுயரத்தில், பழுத்த நெல்லின் நிறத்தில், மெதுவாக எழுந்தன.

சனம் இன்னும் நிலத்தில்தான் இருந்தது. ஆனால் தலைகள் நிமிர்ந்திருந்தன. குப்புறக் கிடந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினார். பக்கத்திலிருந்தவர் எடுத்துக் கொடுத்தது வேறு யாருடையதோ. அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பின்வரிசை வரை போயிற்று. சின்னம்மா வேகத்தைக் கூட்டினார். நான் பின்பாட்டில் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மஞ்சள் லைற் முகத்துக்குக் கிட்ட இருந்ததால் பூச்சி வரத்தானே வேண்டும்? வந்தது. கடைசிச் சரணத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்று நேராகச் சின்னம்மாவின் வாய்க்குள் போயிற்று. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. இருமவில்லை. விழுங்கிவிட்டு அடுத்த சொல்லை அதே இடத்தில் பிடித்தார். மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. கீபோட் அண்ணை வாசிப்பதை விட்டுவிட்டு அவரும் தட்டினார். இறங்கும்போது, வாற ஞாயிறு பளைக்கு ஒத்திகைக்கு வாங்கோ தங்கச்சி என்றார்.

வாய்க்கால் கரையால் வீட்டுக்கு நடந்தோம். அம்மா முன்னால் ரோச் லைற் பிடித்துக்கொண்டு போனார். நான் துள்ளிக்கொண்டு போனேன். மாமா கடைசியாக வந்தார். மதகடியில் நின்று, ஏன் சின்னக்கா எனக்கு முதலே சொல்லேல்லை என்று கேட்டார்.

"எனக்கும் தெரியாதடா. லைற் வந்த பிறகுதானே தெரிஞ்சுது" என்றார் சின்னம்மா.

மாமாவுக்கு எதற்கு வருத்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஊரே விழுந்து கும்பிட்ட வெளிச்சத்தை இடையில் நூர்க்கச் சொன்னதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதைவிட முக்கியமான விடயம் ஒன்று எனக்கு இருந்தது. சின்னம்மாவின் கையைப் பிடித்து, நான் வணக்கம் சொன்னது சரியா என்று கேட்டேன்.

அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மதகைக் கடந்தார்.

"ஓம் பிள்ளை. வடிவாக் குனிஞ்சனீ."

அடுத்த முறை மேடையிலும் எனக்கு மறந்துபோகலாம், அதே மாதிரிப் பிடரியில் கை வைத்து அழுத்துங்கோ என்றேன்.

"இனி அது தேவைப்படாது" என்றார்.

நான் அவ்வளவு நன்றாகப் பழகிவிட்டேன் என்று நினைத்து, வீடு வரைக்கும் பெருமையோடு நடந்தேன்.