கோவை இலை வாசம்

சடையன் இருந்தான். அவன் தங்கை குப்பாயி இருந்தாள். வெள்ளையன் இருந்தான். நான் இருந்தேன். செல்லி இல்லை.

இன்று கருணாபுரத்தில் வேலைக்குப் போன இடத்தில், வேலியில் படர்ந்த கோவைக்கொடியைப் பிடுங்கினேன். கையில் அந்த வாசம் ஏறியதும், கல்வராயன் மலையில் இப்போது இல்லாத எங்கள் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்துவிட்டது. கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து வெள்ளிக்கிழமைதோறும் கரும்பலகைக்குப் பூசுவோம். இலை பறிப்பது செல்லி. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை போனவளைத்தான் ஓடை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

"அஞ்சு பேருக்குக் கம்மியானா பள்ளிக்கூடத்த மூடிடுவாங்க," என்று சார் முன்பே சொல்லியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை நாங்கள் நாலு பேர்தான் இருந்தோம்; வருகை எடுக்கையில் செல்லியின் பெயரையும் கூப்பிட்டார்.

"சொல்லுடி, நீதான அவ கூட்டாளி," என்றான் சடையன்.

"உள்ளேன் ஐயா," என்றேன். சார் நிமிராமல் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் இரண்டு பெயருக்கும் நானே சொன்னேன்.

ஒருநாள் காய்ச்சலில் நான் போகவில்லை. மறுநாள் காலையில், எங்கள் இருவருக்கும் யார் சொன்னது என்று சடையனைக் கேட்டேன்.

"நாங்க இன்னாத்தச் சொன்னோம்? வாயே தொறக்கல. ரெண்டு பேருக்கும் செல்லி கொரலுதான் வந்துச்சு."

கரும்பலகை மூலையில் முந்தின நாள் எழுதியது அழியாமல் இருந்தது. வருகை ஐந்து.