வேலிக்கு மேலால் வந்த நெருப்பு

1994 நவம்பர் 23, புதன்கிழமை. தேதி எனக்குத் தப்பாது. மறுநாள் ஆறாம் வகுப்பு ஆண்டிறுதிச் சோதனை, சமூகக்கல்விப் பாடம். அப்பா வழமைபோல ஆறரைக்குத் துறைமுக வேலைக்குப் போனார். அம்மா தேங்காய் துருவினார். நான் காய்ச்சலில் கிடந்த தம்பியைப் பார்த்தபடி ஆதிமனிதரைப் பாடமாக்கினேன்: வேட்டை, நெருப்பு, விலங்கு வளர்ப்பு, பயிர்ச்செய்கை, ஆற்றங்கரை நகரங்கள். எங்கள் ஊரான பாலையூற்றில் மூன்றாவது நாளாக மழை.

மனிதன் முதலில் பழக்கிய விலங்குகளில் ஆடும் ஒன்று என்றது புத்தகம். அந்த ஆதிமனிதருக்கும் அயல்வீட்டோடு கதை நின்றுபோயிருக்குமா என்று யோசித்தேன். பக்கத்து வீட்டு மாமியின் ஆடு எங்கள் பயற்றங்கொடியை அடியோடு தின்ற நாளிலிருந்து அம்மாவுக்கும் மாமிக்கும் பேச்சில்லை. விலங்கு வளர்ப்பும் பயிர்ச்செய்கையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தோன்றின என்று அடுத்த பக்கத்தில் படித்தபோது ஆதிமனிதருக்காக இரங்கினேன்.

பின்னேரம் குசினிக் கூரை ஒழுகியது. அடுப்பு அணைந்தது, பக்கத்தில் இருந்த நெருப்புப்பெட்டியும் ஊறிப்போனது. ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம், கடை பூட்டு. அப்பாவுக்கு இரவு வேலையும் சேர்ந்திருந்தது. தம்பிக்கோ காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. ஒரு வாய் கொத்தமல்லித் தண்ணீர் அவித்துக் கொடுக்க வழியில்லை. அம்மா குச்சிகளை ஒவ்வொன்றாக உரசினார். குச்சி நுனி மருந்துதான் உதிர்ந்தது.

"மாமியிட்டைக் கேப்பமே அம்மா?"

"ஆட்டுக்காரியிட்டையோ? நான் போகமாட்டன்."

"ஆதிமனிதரும் அப்பிடித்தான் அம்மா. ஒரு கூட்டத்தின்ரை நெருப்பு அணைஞ்சா மற்றக் கூட்டத்திட்டைப் போய் எடுப்பினமாம்."

"அப்ப நீ போவன், ஆதிமனுசி!"

சொன்ன கையோடு தேங்காய்ச் சிரட்டையில் சாம்பல் பரப்பி, மூட இன்னொரு சிரட்டையும் எடுத்துத் தந்தவரும் அம்மாதான்.

மாமி வீட்டில் விளக்கு எரிந்தது. வேலியில் நின்று கேட்டேன்.

"நெருப்புப்பெட்டி இஞ்சையும் முடிஞ்சுது. அடுப்பிலை தணல்தான் கிடக்கு," என்றார் மாமி. "விளக்கு வைச்சாப்பிறகு வீட்டு நெருப்பை வெளியிலை குடுக்கிறேல்லை. கொம்மாவுக்குத் தெரியாதே?"

"தம்பிக்குக் காய்ச்சல், மாமி."

மாமி சிரட்டைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தணல் நிரப்பி மூடிக்கொண்டு வந்தவர், அதை என் கையில் தரவில்லை. வேலியில் நட்டிருந்த கதியால் மரத்தின் கவட்டில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"நான் குடுக்கேல்லை, விளங்குதே? நீ களவெடுத்துக்கொண்டு ஓடுறாய். ஓடு, மழை பெருக்கப் போகுது!"

ஓடினேன். ஒரு முழுக் கூட்டத்தையே காப்பாற்றப் போகிறவளாக என்னை நினைத்துக்கொண்டு ஓடினேன். அம்மா ஊதி ஊதி அடுப்பை மூட்டினார். கொத்தமல்லி அவிந்தது. தம்பி குடித்து, வேர்த்து, தூங்கிப்போனான். மாமிக்கு நான் நன்றி சொல்லவில்லை. களவெடுப்பவர்கள் சொல்வதில்லை என்றே எண்ணியிருந்தேன். அன்று சொல்லாததை எத்தனையோ தரம் மனதுக்குள் சொல்லிவிட்டேன். இங்கேயும் சொல்கிறேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அம்மா, சாம்பலுக்குள் புதைத்திருந்த தணலைக் கிளறி அடுப்பு மூட்டினார். மழை விட்டு, ஒழுங்கை வெள்ளம் வடிந்து, கடையும் திறந்திருந்தது. கேத்தில் தண்ணீர் கொதிக்கமுன் குசினி வாசலில் மாமி வந்து நின்றார், கையில் சிரட்டையோடு.

"ஒரு துண்டுத் தணல் தருவியே? எங்கடை அடுப்பு அணைஞ்சு போச்சு."

மாமியின் இடுப்புச் சொருகலில் ஒரு நெருப்புப்பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. புதியது, உரசும் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"மாமி, உங்களிட்டை..." என்று தொடங்கினேன். அம்மா என் காலை மிதித்தார்.

"இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கொண்டுபோகலாம்," என்று மாமிக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

நெருப்புப்பெட்டி வைத்திருப்பவர் நெருப்புக் கேட்டு வருவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்கள் இருவரும் கதைக்கத் தொடங்க, நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், மனிதன் நெருப்பை எப்படிக் கண்டுபிடித்தான் என்ற பக்கத்தை இன்னொரு முறை படித்தேன்.