நீலத்துக்கு மட்டும் கையுறை

மின்சாரத்தைப் போடும்போது சௌந்திரம் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறாள். வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் சுவிட்சை நோக்கிப் போகிறது. போட்டவுடன் ஓர் எட்டு பின்வாங்கி, மின்சாரப் பெட்டியின் முள் ஏறி நிற்பதைப் பார்க்கிறாள். தொட்டியின் அடியில் ஓடும் மெல்லிய கம்பியிலிருந்து பொடிக் குமிழிகள் கிளம்புகின்றன. அதற்குப் பிறகுதான் இடது கை முன்னால் வரும்.

“ஒரு கையில பட்டா உதறிட்டு உட்டுரும்ங்க்கா. ரெண்டு கையிலயும் புடிச்சாத்தான் நெஞ்சு வழியாப் போவும்.”

இதைச் சொல்லிக்கொடுத்தது அவள் புருஷன் வேலுமணி. அவன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் இருக்கிறான். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய்விட்டு, அந்தப் பக்கம் மழை பிடித்த பிறகுதான் ஊருக்கு வருவான்.

நாமக்கல்லுக்கு வெளியே சாலையோரம் இருக்கிறது எங்கள் கோழிநோய் ஆய்வுக்கூடம். எண்பத்தொன்றில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். நான் அங்கே தட்டச்சு செய்கிறேன். என் மேசைக்கும் அவள் மேசைக்கும் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு மரத் தடுப்பு.

பண்ணைகளிலிருந்து சீக்குக் கோழிகளின் ரத்தம் வருகிறது. அது உறைந்த பின் மேலே நிற்கும் தெளிநீரில் உள்ள புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டுவது அவள் வேலை. சவுக்காரம் மாதிரியான ஒரு மருந்தோடு கொதிக்கவிட்டால், சுருண்டு கிடக்கும் புரதம் நூலைப்போல் நீள்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நுங்கு போல் உறைந்து நிற்கும் ஜெல்லின் மேல்விளிம்பில் வரிசையாகக் குழிகள் இருக்கும். ஒரு குழிக்கு ஒரு கோழி. ஊசியால் அதில் இறக்கி மின்சாரத்தை விட்டால் எல்லாம் கீழ்நோக்கி ஓடும். பொடியவை முந்திக்கொள்ளும். பெரியவை மேலேயே தங்கும். பிறகு ஜெல்லை உரித்தெடுத்து நீலச் சாயத்தில் ஊறப்போட்டு வெளுத்தால், அவை போய் நின்ற இடங்கள் கோடு கோடாகத் தெரியும். நோய் கண்ட கோழியின் வரிசையில் ஏதோ ஒரு கோடு தடித்திருக்கும்.

“சேலம் செவ்வாய்ப்பேட்டையில சந்தை நேரத்துக்குப் போயிருக்கறீங்களா? சின்னப் பசங்க சந்துல பூந்து போயிருவாங்க. மூட்டை தூக்கறவரு அங்கயே நின்னு கத்திட்டிருப்பாரு. அவ்வளவுதானுங்க்கா இது.”

கோழிகளை அறுத்துப் பார்க்கும் அறையில் வேலை செய்கிற கண்ணுசாமி, கையைக் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்.

“என்னம்மிணி, செத்த கோழிக்கு இன்னைக்கு எத்தன கோடு?”

“உங்க ரத்தத்தையும் ஒரு நாளைக்கு ஓட்டிப் பாக்கலாமுங்க. சாராயம் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவள் சிரிப்பதில்லை. கண் முள்ளின் மேலேயே இருக்கும். மின்சாரம் நின்றுபோனால் கோடுகள் கலங்கிவிடும் என்ற பயம். கொதிக்க வைக்கும்போது சேர்க்கிற ஒரு மருந்து அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதன் மூடியைத் திறக்கும்போது முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்வாள். அமிலப் புட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவருவாள்.

நீலத்துக்குக் கையுறை. அதில் மட்டும் அவள் தவறியதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நகக்கண் வரை நீலமாக வீட்டுக்குப் போயிருக்கிறாள். மாமியார் செல்லாயி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். “கோழி ஆஸ்பத்திரிக்குப் போறயா, சாயப்பட்டறைக்குப் போறயா? இந்தக் கையில பொங்கிப் போட்டா எவந் திம்பான்?” மறு வாரமே செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வந்தாள். தினமும் கழுவி, பவுடர் போட்டு, ஜன்னல் கம்பியில் கிளிப் மாட்டிக் காயவைக்கிறாள்.

ஜெல் ஊற்றும்போது அதைக் கழற்றிவிடுவாள். எங்கள் கண்ணாடிகள் ஜன்னலுக்கு வெட்டுகிற கடையில் வெட்டியவை. விளிம்பு ஒன்றுபோல் இராது. வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கரைத்து, உறைய வைக்கும் மருந்தைக் கடைசியாகச் சேர்த்து, கண்ணாடிகளின் இடுக்கில் ஊற்றினால் அடிமூலையில் கசியும். சௌந்திரம் அங்கே விரலைக் கொடுப்பாள். வரப்பு உடைந்த இடத்தில் காலை வைத்து நிற்பதுபோல, உறைகிற வரைக்கும் அந்த விரல் அங்கேயே இருக்கும். பீக்கரில் மீந்ததையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அது கெட்டியானால் இதுவும் கெட்டி.

“உறை போட்டா ஒண்ணும் தெரியறதில்லீங்க்கா. எங்க ஒழுகுதுன்னு கைக்குத் தெரியோணும்.”

அந்தத் தண்ணீருக்கு நிறமில்லை. மணமும் இல்லை. கையில் பட்டால் எரிவதும் இல்லை. ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் கருப்பண்ணன் முதல் நாளே அது விஷம் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார். சாயம் விஷம், அமிலம் விஷம், எதிர்க்கடை டீ எல்லாவற்றிலும் பெரிய விஷம்.

போன மாசியில் அவள் விரல் நுனிகளில் தோல் உரிய ஆரம்பித்தது. உள்ளங்கை எந்நேரமும் வேர்த்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டாள். பங்குனியில் ஒரு நாள் பேருந்திலிருந்து இறங்கி ஆய்வுக்கூடத்துக்குள் நடந்து வந்தவளைக் கண்ணுசாமி நிறுத்தினார்.

“ஒத்தச் செருப்பு எங்க போச்சு அம்மிணி?”

அவள் குனிந்து பார்த்தாள். வலது கால் வெறுமையாக இருந்தது. தார்ச் சாலையில் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். “அந்துபோச்சுங்க, அதான் போட்டுட்டு வந்துட்டேன்” என்றாள். மத்தியானம் அவள் சாலையில் தேடிக்கொண்டு போவதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். செருப்பு அறுந்திருக்கவில்லை.

வீட்டில் தோசைக்கல்லைத் துணியில்லாமல் இறக்கிவைத்திருக்கிறாள். செல்லாயி அதைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பெருமை பேசத் தொடங்கினாள். “என்ற மருமவ நெருப்பையே அள்ளுவா. வெறுங்கையில கல்ல எறக்கறா பாருங்க.” ஒருத்தி நம்பவில்லை என்றதும், சௌந்திரத்தைக் கூப்பிட்டு அவள் முன்னாலேயே இன்னொரு தரம் இறக்கச் சொல்லியிருக்கிறாள்.

“எறக்கினயா?”

“எறக்காம? சுடலீங்க்கா. பொறவு பாத்தா கொப்புளம்.”

இதைச் சொன்ன அன்றுதான் அங்கம்மாளைப் பற்றியும் சொன்னாள். அங்கம்மாள் அவளுடைய அப்பாவின் அக்கா. முதலில் போனது விரலில் உணர்ச்சிதான். குஷ்டம், பெருநோய் என்று தெரிந்ததும் புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறந்த வீட்டிலும் உள்ளே விடவில்லை. சோளக்காட்டு ஓரத்தில் ஒரு குடிசை. ஒரு தட்டு, ஒரு லோட்டா. சோறு கொண்டுபோகிறவர்கள் தட்டில் படாமல் உயரத்திலிருந்து போடுவார்கள். சின்ன வயதில் சௌந்திரமும் அப்படிப் போட்டிருக்கிறாள்.

“இப்ப மாத்திரை இருக்குது. முழுசாக் கேக்குதுங்கறாங்க. யாரும் குடிசையில கொண்டுபோய் வெக்கறதில்ல” என்றேன்.

“மாத்திரை நோய்க்குத்தானுங்க்கா. எங்க அத்தைக்கு?”

செல்லாயியைச் சொன்னாள். அவளால் பதினைந்து வருஷமாக ஒரு வார்த்தையைக்கூட வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடிந்ததில்லை. வேலுமணியைப் பற்றிச் சௌந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. வைகாசியிலிருந்து அடிக்கடி வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். இங்கே வெயில் காய்ந்தது. வடக்கே மழை இறங்கிவிட்டதா என்று செய்தித்தாளில் தேடச் சொல்வாள். இல்லை என்றால் போதும், திரும்பிப் போய்விடுவாள். அவள் தெருவுக்குப் பெருநோய் இருக்கிறதா என்று தோலைப் பார்க்கிறவர்கள் வந்த அன்று, வயிற்று வலி என்று சொல்லி ஆய்வுக்கூடத்து வராந்தாவில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் வெளியே வந்தது ஜெல்லில். ஊசியின் தண்டை எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவள் விரலுக்குத் தெரியாமல் போனது. ஒரு குழியில் இறக்கியது வழிந்து அடுத்ததில் விழுந்தது. நோய்க் கோழிக்கும் நல்ல கோழிக்கும் ஒரே மாதிரி கோடு விழுந்திருந்தது. டாக்டர் கருப்பண்ணன் ஜெல்லை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் கையைக் காட்டச் சொன்னார். அவள் காட்டவில்லை. இரண்டாம் முறை கேட்ட பிறகு நீட்டினாள்.

“ஊத்தும்போது கையுறை போடறதில்லையாம்மா?”

“நீலத்துக்குப் போடறனுங்க சார். ஒரு நாளும் தவறினதில்ல.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீலம் கம்பளிக்குப் போடற சாயம். அது ஒண்ணும் பண்ணாது. அந்தத் தண்ணிதாம்மா நரம்பப் புடிக்கும். உறைஞ்சிட்டா சாது. உறையறதுக்கு முன்னால தோல் வழியா உள்ள போயிரும்.”

“வெசமுங்களா சார்?”

“சொன்னனே. முதல் நாளே சொன்னனே.”

“நெசமாவே வெசம்தானுங்களா?”

குரலில் இருந்தது பயமில்லை. அவர் புட்டியை எடுத்து மண்டையோட்டுப் படத்தைக் காட்டினார். அவள் அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். அன்று மத்தியானம் என் சாப்பாட்டிலிருந்து ஊறுகாயை எடுத்துத் தின்றாள். பல நாட்களாக அவள் யார் தட்டையும் தொட்டதில்லை.

ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தண்ணீரைத் தொடாமல் இருந்தால் மெல்ல மெல்லச் சரியாகிவிடும். ஆனாலும் தோல் டாக்டர் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும். அந்தத் தண்ணீரா, பெருநோயா, இரண்டில் எது என்று தெரிந்துவிடும். அவளைக் கோழித் தீவனம் எடைபோடும் பக்கம் மாற்றினார். ஜெல் ஊற்றும் மேசைக்குக் கிட்டேயே வரக்கூடாது என்றார்.

வாரங்கள் போயின. எப்போது போகிறாய் என்று கேட்டால் வெள்ளிக்கிழமை ஆகாது, அமாவாசை போகட்டும் என்பாள். ஒரு நாள் நான் கடிந்துகொண்டேன்.

“பாக்காத வரைக்கும் அது அந்தத் தண்ணிதானுங்க்கா,” என்றாள். “பாத்துட்டா, ஏதோ ஒண்ணு ஆயிரும்.”

ஆனி மாதக் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரன் வந்து சேர்ந்தான். அவனும் ரிக் வண்டிக்காரன். வடக்கே நல்ல மழை, வேலுமணியின் வண்டியும் கிளம்பிவிட்டது என்று செல்லாயியிடம் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலை சௌந்திரம் என் மேசைக்கு வந்து நின்றாள்.

“சேலத்துக்கு வாரீங்களாக்கா? இங்க காட்டுனா நாம பஸ் ஏறறதுக்குள்ள ஊட்டுக்குத் தெரிஞ்சுரும்.”

பேருந்தில் கைகளைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். நடத்துநர் சீட்டை நீட்டியபோது நான் வாங்கிக்கொண்டேன். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதி அந்த மருத்துவமனை. வாசலில் பெயர் கேட்டவளிடம் பொன்னாயி என்றாள். உள்ளே இருந்த எல்லோருடைய கைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்து உட்கார்ந்தாள். பொன்னாயி, பொன்னாயி என்று கூப்பிட்டபோது எழவில்லை. நான் தோளைத் தொட வேண்டியிருந்தது.

டாக்டர் வயதான பெண்மணி. கையைப் பார்த்தார், முழங்கையின் பின்புறம் அழுத்திப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். சௌந்திரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு இப்படி வேர்க்குது உனக்கு?”

“எப்பவும் அப்படித்தானுங்கம்மா.”

“சரி. மேசை மேல கைய விரிச்சு வை. கண்ண மூடிக்க. பஞ்சால தொடுவேன். தொட்ட எடத்த இன்னொரு கையால காட்டணும். தெரியலேன்னா சும்மா இரு. தப்பில்ல.”

சௌந்திரம் இடது கையை விரித்து வைத்தாள். இமைகள் துடிக்குமளவுக்குக் கண்ணை இறுக்கி மூடினாள். டாக்டர் பீங்கான் கிண்ணத்திலிருந்து பஞ்சைக் கிள்ளியெடுத்து, நுனியை மெல்லியதாகத் திரித்துக்கொண்டிருந்தார். பஞ்சு இன்னும் மேசைக்கு மேலே வரவில்லை. சௌந்திரத்தின் வலது கை எழுந்து, இடது கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுக் காட்டியது.