ஒரே ஒயர்தான் சார்

அசன் முகைதீன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். ஐந்தாவதுதான் படிப்பு, ஆனாலும் அவர் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது.

லாரி எடை போடும் இடத்து பிரின்டரை, நாற்பது மீட்டர் தள்ளியிருந்த ஆபீஸ் கம்ப்யூட்டரோடு சேர்க்கணும். யூஎஸ்பி ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது. பொன்னேரியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஃபயாஸ், நெட்வொர்க் ஒயரும், அதன் ரெண்டு முனையிலும் யூஎஸ்பியைச் சேர்க்க ரெண்டு சின்ன டப்பாவும் கொண்டுவந்து கொடுத்தான். இழுத்தபோது ஒயர் ஒரு முழம் குறைந்தது. அசன், கரண்ட் ஒயரை முறுக்குகிற மாதிரி இன்னொரு துண்டை முறுக்கி டேப் சுற்றிவிட்டார். பிரின்டர் அசையவே இல்லை.

"நடுவுல ஜாயின்ட் போட்டா இந்த ஒயர் வேல செய்யாதாம். ஜாயின்ட் இருக்கா பாய்?" என்றார் மேனேஜர்.

"ஒரே ஒயர்தான் சார்."

அந்தப் பொய் எப்படி வாயில் வந்ததென்று அவருக்கே விளங்கவில்லை. மேனேஜர் ஃபயாஸ் பக்கம் திரும்பினார். "டுபாக்கூர் டப்பாவ தலைல கட்டப் பாக்குறியா? இனிமே இந்த கேட்டுப் பக்கம் வராத."

அசன் குனிந்து டேப்பை எடுத்துப் பைக்குள் போட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கை முகம் கழுவி ஒளூ செய்ய ஃபயாஸ் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வாய் கொப்பளிக்க அள்ளிய தண்ணீரை அசன் கீழே விட்டார்.

"தம்பி, ஜாயின்ட் போட்டது நான்தான்."

"தெரியும் பாய். டேப்பைப் பாத்துக்கினுதான் இருந்தேன். இந்த வயசுல உங்கள நாலு பேர் முன்னால இன்னான்னு மாட்டிவுடுறது?"

அவன் திட்டியிருந்தால்கூட அசனுக்கு இவ்வளவு கூசியிருக்காது. ஜும்மா தொழுகை முடிந்ததும் அவர் சாப்பிடப் போகவில்லை. ஃபயாஸைக் கையோடு கூட்டிவந்து கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மேனேஜர் அறைக்கு நடந்தார்.