நான் கொன்ற வில்லன்

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தறிக்கூடத்தில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மனிதன் நிலாவுக்குப் போகப்போகிறான் என்று ஊரே பேசிய காலம். வாரப் பத்திரிகையில் வந்த விண்வெளித் தொடர்கதையை வியாழக்கிழமைதோறும் சத்தமாகப் படிப்பேன்; எல்லோரும் நெய்துகொண்டே கேட்பார்கள்.

முதல் பாகத்தின் முடிவில், ஒரு கிரகத்தையே எரித்த ஒற்றைக்கண் வில்லன் சூரியனுக்குள் விழுந்தான். எனக்குப் பரம திருப்தி. இரண்டாம் பாகம் தொடங்கும் முன்பே எதிர்த்தறி கன்னியப்பன் அண்ணன் வம்புக்கு வந்தார்.

"அவன் திரும்பி வருவாம்மா. அவன் இல்லாம கதை ஏது?"

"சூரியன்ல விழுந்தவன் எப்டிண்ணே வருவான்?"

"உனுக்குப் படிக்கத்தான் தெரியுது, கதை தெரியல."

கூடமே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அடுத்த வியாழன் இதழைப் பிரித்தேன். வில்லன் உயிரோடு வந்திருந்தான்! கன்னியப்பன் அண்ணன் ஜெயிப்பதா? கதையின் முதல் பக்கத்தைப் பின்னால் மடித்துக்கொண்டு, "வில்லனின் சாம்பல்கூட மிஞ்சவில்லை" என்று நானாகவே படித்தேன். எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். அவர் தலை குனிந்து நெய்தார். அதைப் பார்க்க எனக்கு இனித்தது.

சாயங்காலம் எல்லோரும் போனபின் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "நீ மடிச்ச பக்கம் என்னைப் பாத்துக்கினு இருந்துச்சும்மா. படத்துல அந்த ஒத்தக்கண்ணன் நிக்கிறான். நாலு பேர் எதிர்ல உன்ன எதுக்குக் கேக்கணும்னு வுட்டுட்டேன்."

மறுவாரம், நான் பொய் படித்ததை எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் இதழையே பிரித்தேன். அவர் மட்டும் அன்று எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், இன்றுவரை அவர்மேல் வஞ்சம் வைத்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.