நான்கு மில்லிமீட்டர்

பத்து வயதிலேயே எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் வந்துவிட்டது. பள்ளிப் பைக்குள் என்னென்ன இருக்கின்றன, கொடியில் யாருடைய துணி எத்தனை காய்கிறது, ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை எத்தனை நிறுத்தம் என்று எதையாவது எண்ணி, வரிசை எண் போட்டு, ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்து வைப்பேன். வேலை முடிந்ததும் அந்தக் கட்டத்தில் டிக் அடிப்பேன். அதில் இருக்கும் சுகம் வேறெதிலும் இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை. அந்தக் கோடை விடுமுறையில் நான் போட்ட பட்டியலின் தலைப்பு ‘குட்டிச் சைக்கிள்’.

சைக்கிளைக் கொண்டுவந்தவர் அப்பா. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். இயந்திரம் நிறுவுவதற்காக எப்போதோ அங்கே வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் விட்டுப்போன வண்டி அது. குடியிருப்பின் சைக்கிள் கொட்டகையில் பல வருஷம் துருப்பிடித்துக் கிடந்து, பழைய இரும்போடு கழித்துவிடும் நிலைக்கு வந்தபோது அப்பா கேட்டு வாங்கிவந்தார். சக்கரம் இருபது அங்குலம்தான் என்றாலும் அது குழந்தைகள் சைக்கிள் அல்ல. சீட்டையும் ஹேண்டில்பாரையும் ஏற்றி இறக்கினால் என் உயரத்துக்கும் வரும், அப்பாவின் உயரத்துக்கும் வரும். ஆறாம் வகுப்புக்கு நான் அதில்தான் போக வேண்டும் என்று முடிவாயிற்று. பள்ளி திறக்க இரண்டு மாதம் இருந்தது.

சரிசெய்யும் பொறுப்பு அத்தைக்கு. அப்பாவின் தங்கை. அந்த வருஷம்தான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு எங்களோடு வீட்டில் இருந்தாள். அவளைப் பற்றி அப்போது எனக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். பி.இ. படிப்பில் நேராக இரண்டாம் வருஷம் சேர விண்ணப்பித்திருந்தாள். கவுன்சிலிங் கடிதம் தபாலில் வர வேண்டும். முசிறியில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ஒரு குடும்பம் அவளைப் பெண் பார்க்க வர விரும்பியது. இரண்டுமே சாப்பாட்டு வேளையில் எல்லோர் முன்பாகவும் பேசப்பட்டவை. நோட்டில் எழுதியிருந்தால் அவற்றை வெவ்வேறு பக்கங்களில்தான் எழுதியிருப்பேன்.

அப்பா படிப்புக்கு எதிரி அல்ல. கடிதம் வந்தால் படிக்கட்டும் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் கடிதம் போன் செய்யாது, முசிறிக்காரர்கள் செய்தார்கள். மூன்றாவது தடவை போன் வந்த அன்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லட்டுமா என்று அத்தையிடம் கேட்டார். அத்தை செயினைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

“இந்தக் கையோட காபி குடுத்தா எந்திரிச்சு ஓடிருவாங்கண்ணே. வண்டிய முடிச்சிடுறேன். முடிச்ச அடுத்த ஞாயித்துக்கிழமை யாரை வேணா வரச் சொல்லுங்க.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று சொல்லி அம்மாவையும் என்னையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். எனக்குச் சைக்கிள் வேண்டும்.

பட்டியலில் பதினொரு வேலைகள் இருந்தன. துரு தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது, பால்ரஸ் குண்டுகளை மாற்றி கிரீஸ் வைப்பது எல்லாம் பழுது பார்க்கும் வேலை. மீதி அத்தையின் யோசனை. சின்னச் சக்கரம் ஒரு மிதிக்குக் கொஞ்ச தூரம்தான் உருளும் என்பதால் முன்னால் பெரிய பல்சக்கரம். பழைய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்காது என்பதால் இரண்டு சக்கரத்துக்கும் அலுமினிய ரிம். மூன்று வாரத்தில் பத்துக் கட்டங்களில் டிக் விழுந்தது. முன்சக்கரத்துக்குப் புது ரிம் பொருத்தி நேராக்க அத்தைக்கு ஒரே ஒரு காலைப்பொழுதுதான் ஆயிற்று. பாக்கி நின்றது பின்சக்கரம்.

சக்கரத்தின் கம்பிகள் ரிம்மை இடமும் வலமுமாக இழுத்துப் பிடித்திருப்பவை. ஒரு பக்கம் இழுப்பு கூடினால் சக்கரம் சுற்றும்போது அலையும். சின்னச் சாவி ஒன்றால் கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் அந்த அலைச்சலைப் போக்க வேண்டும். கடைகளில் பெண்டு எடுப்பது என்பார்கள். மாடிப்படிக்கு அடியில், கேட் நேராகத் தெரியும் இடத்தில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி அத்தை பெண்டு எடுத்தாள். சுற்றுகிற ரிம்மின் ஓரமாகச் சாக்பீஸைப் பிடித்தால், அலைகிற இடத்தில் மட்டும் கோடு விழும். தபால்காரர் வந்து போகும் மதிய வேளை வரை அங்கேயே இருப்பாள். சாயங்காலம் நான் ஸ்கேலை வைத்து அலைச்சலை அளந்து நோட்டில் எழுதுவேன். முதல் நாள் நான்கு மில்லிமீட்டர். மறுநாளும் நான்கு. ஒரு வாரம் கழித்தும் நான்கு.

ஷிஃப்ட் முடிந்து வருகிற அப்பா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“என்ன டிப்ளமோ, சக்கரம் நேராச்சா?”

“இன்னும் கொஞ்சம் அலையுதுண்ணே.”

“ஆளுயரச் சக்கரத்தையே நாங்க ஒரு ஷிஃப்ட்ல சரி பண்ணிடுறோம். மூணு வருஷம் என்னத்த சொல்லிக் குடுத்தாங்களோ.”

அம்மா முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னாள், “பெரிய சக்கரம்னா சுலபங்க. சின்னதுதான் கஷ்டம்.”

முன்சக்கரமும் சின்னதுதானே, அது ஒரே காலையில் முடிந்ததே என்று நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் தட்டில் அம்மா இன்னொரு கரண்டி கத்திரிக்காயை வைத்தாள். எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காது என்பது அம்மாவுக்குத் தெரியும்.

பதினெட்டாம் நாள் மத்தியானம், வீடு தூங்கும் நேரம், நான் படியில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை நான்கைந்து கம்பிகளைத் திருகிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினாள். சாக்பீஸைப் பிடித்தாள். கோடே விழவில்லை. சக்கரம் அத்தனை நேராக ஓடியது. அது தானாக நிற்கும் வரை கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சாவியை எடுத்து அதே கம்பிகளை எதிர்ப்பக்கம் திருகினாள். மறுபடி சுற்றினாள். சக்கரம் அலைந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அத்தைக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. சரியாக வந்த பிறகும் திருகித் திருகிக் கெடுத்துவிடுகிறாள். வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள். அப்பா தினமும் கேலி செய்வது நினைவுக்கு வந்து எனக்கு அழுகை முட்டியது. அவளுடைய மானத்தைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று தீர்மானித்தேன்.

மறுநாள் அம்மாவும் அத்தையும் மண்ணச்சநல்லூரில் ஒரு புதுமனை விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். அப்பா நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு நட்டுகளைக் கழற்றி, டயர் போடாத பின்சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ரயிலடிப் பக்கத்து சைக்கிள் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுற்றினார். கம்பிகளை ஒவ்வொன்றாகச் சாவியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

“யாரு பாப்பா இதக் கட்டுனது?”

“எங்க அத்தை.”

“அத்தையா?” அவர் இன்னொரு முறை தட்டினார். “கட்டு பிரமாதமா இருக்கு. நாலே நாலு கம்பிதான் லூசு. மத்ததெல்லாம் ஒரே சத்தமா வருது பாரு.”

சின்னப் பிள்ளை மனம் நோகக் கூடாது என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன். கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அவருக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. அத்தை திரும்புவதற்குள் சக்கரத்தைப் பழையபடி வண்டியில் மாட்டிவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, “அப்பா, அத்தை வண்டிய முடிச்சிட்டாங்க” என்றேன். அத்தை தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குத் தைரியம் சொல்வதுபோல் தலையாட்டினேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கீழே போய்ச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பின்னாலேயே நாங்களும் போனோம். அத்தை சாக்பீஸை எடுத்து ரிம்மின் ஓரம் பிடித்தாள். சக்கரம் ஓடி ஓடி நின்றது. ஒரு புள்ளிகூட விழவில்லை.

“அப்ப முசிறிக்குச் சொல்லிடவாம்மா?” அப்பா இந்த முறை கேலியாகக் கேட்கவில்லை.

அத்தை சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். “சொல்லிடுங்கண்ணே. பேச்சு பேச்சுதானே.”

அம்மா தட்டுகளை எடுக்கப் போய்விட்டாள். அப்பாவும் படி ஏறிய பிறகு அத்தை என்னிடம் குரலைத் தாழ்த்தி, சக்கரத்தை எங்கே கொடுத்தாய் என்று கேட்டாள். சொன்னேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்தேன்.

“நல்ல பிள்ளை” என்றாள்.

நோட்டைக் கொண்டுவந்து நீட்டினேன். பதினோராவது கட்டத்தில் அவளே டிக் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முசிறியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மாடிப்படிக்கு அடியில் பளபளத்த சைக்கிளைப் பார்த்துவிட்டு, பெண்ணே செய்ததா என்று வியந்தார். இனி மண்டியில் மோட்டார் நின்றால் மெக்கானிக்கைத் தேட வேண்டாம் என்று அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, கவுன்சிலிங் கடிதம் வந்தது. அத்தை கேட்டருகில் நின்றபடியே படித்தாள். அந்த நீளப் பழுப்பு உறை எனக்கு வேண்டும் என்று கேட்டேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு உறையைக் கொடுத்தாள். அதன் பின்பக்கத்தில்தான் ஆறாம் வகுப்புக்கு வாங்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன்.

அந்தச் சைக்கிள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. நானும் மெக்கானிக்கல்தான் படித்தேன். போன மாதம், பின்னால் எட்டு கியர் பொருத்துவதற்காக அதை முழுக்கப் பிரித்தபோது, பின்சக்கரத்தில் அத்தை பொருத்திய அந்த அலுமினிய ரிம்மையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க முசிறிக்குப் போன் செய்தேன். முன்பு அலைந்துகொண்டே இருந்த ரிம் ஆயிற்றே என்றேன்.

அந்தப் பக்கம் மண்டியில் லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. அத்தை யாரிடமோ, “இன்னும் வா, வா, போதும்” என்று சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினாள்.

“அந்த ரிம்முல என்னைக்கும் ஒரு குறையும் இருந்ததில்லடி. அப்படியே போடு.”

பழைய நோட்டை அன்றுதான் தேடி எடுத்தேன். நான்கு, நான்கு, நான்கு என்று பதினெட்டு வரிகள். அரை மில்லிமீட்டர் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ‘முன்னேற்றம் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். ஒரு சக்கரத்தை நேராக்க இன்று எனக்கு அரை மணி நேரம் போதும். நேராக்கிய சக்கரத்தைத் தினமும் சரியாக நான்கு மில்லிமீட்டருக்குத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்த மூன்று நாள் முயன்று பார்த்தேன். எனக்கு வரவில்லை.